ஆறரை மணி மஸ்டர்

இல்லீங்க, எனக்குப் பொறாமையெல்லாம் ஒண்ணுமில்ல. என்ற பேத்தி சிரிச்சாப் போதும், யாரப் பாத்துச் சிரிச்சா என்னங்க. பொறந்து மூணு மாசம் பன்னெண்டு நாளாச்சு. மூக்கு என்ற மூக்கு. காது மடலு கூட இந்த அம்மாசியோட காது மடலுதான், மாப்ள ஊட்டுக்காரங்க என்ன வேணாச் சொல்லிக்கட்டும். அந்தப் புள்ள மொத மொதல்ல வாயத் தொறந்து சிரிச்சது ஜோஸ்லினப் பாத்து. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். மீசையப் பாத்து பாப்பா பயப்படுதுப்பான்னு என்ற மக கவிதா சொன்னாளேன்னு, நாப்பது வருச மீசைய எடுத்துப்போட்டு மொழுக்குன்னு உக்காந்திருந்தேன். அப்பவும் அவளப் பாத்துத்தான் சிரிச்சுது.

சரி, பொறாமைதான். வெச்சுக்கங்க.

ஜோஸ்லின் எங்க பக்கத்தூட்டுப் பொண்ணு. வாழவந்தியில எங்க ஊட்டுக்கும் அவங்க ஊட்டுக்கும் நடுவால ஒரு பலா மரந்தான். அவளும் கவிதாவும் மிசன் பள்ளிக்கொடத்துல ஒரே வகுப்பு. அப்ப அவ பேரு ஆண்டனி ராஜ். பையன்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சுக்கிட்டிருந்தோம், அவ மட்டும் அப்புடி நெனைக்கல. பதினெட்டு வயசுல தையல் கத்துக்கறேன்னு சேலம் போனவ, அஞ்சு வருசங்கழிச்சு சேலை கட்டிக்கிட்டு பஸ்ஸ உட்டு எறங்குனா. அவங்கம்மா தேவகுமாரி ஒரு வாரம் பேசல. எட்டாம் நாளு ஒரு ரவிக்கத் துணியக் கொண்டாந்து அவ மடியில போட்டு, "கை கொஞ்சம் லூசா இருக்கோணும்"னு சொன்னாங்க. அவ்வளவுதான் சமாதானம்.

நானும் ஆரம்பத்துல நாலஞ்சு தடவ ஆண்டனின்னே கூப்புட்டுப்போட்டேன். "ஆண்டனி சேலத்துலயே எறங்கிட்டானுங்க மாமா, பஸ்ல நான் மட்டுந்தான் வந்தேன்"னு சொல்லுவா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவா. இப்ப ஒண்டிக்கடை முக்குல ஒரு மெசின் போட்டு, ஜோஸ்லின் லேடீஸ் டெய்லர்னு போர்டு வெச்சிருக்கறா. கலியாண மாசம்னா அவ கடையில நிக்க எடமிருக்காது.

அவ எதுக்கு தெனம் காலைல எங்க ஊட்டுக்கு வர்றான்னா, சிக்னலுக்கு. அவங்க ஊட்டுல போனு எடுக்காது. எங்க ஊட்டு முன்னால சில்வர் ஓக் மரத்தடியிலதான் நாலு கோடும் நிக்கும். கவிதா பிரசவத்துக்கு வந்ததுல இருந்து, இவ வந்ததும் பாப்பாவத் தூக்கி இவ கையில குடுத்துட்டு அவ குளிக்கப் போயிருவா. தாயப் பெத்த தாத்தன் ஒருத்தன் கல்லு மாதிரி உக்காந்திருக்கறேன். "அப்பா, உங்க கை சொரசொரன்னு இருக்குதுப்பா"ங்கறா. முப்பது வருசம் காப்பிச் செடி கவாத்துப் பண்ணுன கை, பட்டு மாதிரியா இருக்கும்.

ஜோஸ்லின் பாப்பாவத் தோளுல போட்டுக்கிட்டே இன்னொரு கையில போனப் பாத்துக்கிட்டிருப்பா. வெள்ளாமைக்காடுன்னு ஒரு கேம். நானும் ஒரு நாள் எட்டிப் பாத்தேன். ஒரு காடு, ஒரு கெணறு, சேலை கட்டுன ஒரு பொம்மை நடந்து போயி ராகி அறுக்குது. அந்தப் பொம்மைதான் இவ. தலைக்கு மேல பேரு எழுதியிருக்கும்.

"நெசக் காட்டுல கொத்தி இடுப்பு போனவன் நானு. போனுக்குள்ள எதுக்கு கண்ணு கொத்தற?"

"இதுல காட்டெரும வந்து மேயாதுங்க மாமா."

ஆறு வருசமா ஆடறாளாம். சேலத்துல கூட யாரும் ஜோஸ்லின்னு கூப்புடாத காலத்துல, அதுக்குள்ளதான் மொதல்ல அந்தப் பேர வெச்சுக்கிட்டாளாம். எங்கெங்கயோ இருக்கற சனம் ஜோஸ்லின் அக்கா, ஜோஸ்லின் அக்கான்னு கூப்புட்டுதாம். அப்பறந்தான் வெளியில வெச்சுக்கற தைரியமே வந்துதுன்னு சொன்னா.

ரெண்டு வருசத்துக்கு முந்தி அந்தக் கம்பெனி, பெங்களூர்ல இருக்குது, வானவில்லு மாதிரி கொடியெல்லாம் போட்டு ஒரு சேதி உட்டிருக்கறாங்க. அவ எனக்குப் படிச்சுக் காட்டுனா. "ஆணோ, பெண்ணோ, திருநங்கையோ, திருநம்பியோ, இந்தக் காடு எல்லாருக்கும். நீங்க எந்தப் பேருல வாழறீங்களோ அதுதான் இங்க உங்க பேரு. யாருகிட்டயும் அட்டை கேக்க மாட்டோம்." நல்லாத்தான் எழுதியிருந்தாங்க.

இந்தத் தை மாசம் என்ன பண்ணீட்டாங்கன்னா, திருட்டுக் கணக்கு வெச்சு ஏமாத்தறவங்களத் தடுக்கறோம்னு, எல்லாரும் கெவருமெண்டு அடையாளக் கார்டக் காட்டோணும்னுட்டாங்க. காட்டலைன்னா அந்த கேமுல இருக்கற சந்தைக்குள்ள போவ முடியாது. சரிபாக்கத்தான் கேக்கறாங்கன்னு இவளும் காட்டீட்டா. கார்டுல இன்னும் பழைய பேருதான். மக்கா நாளு காலைல மரத்தடியில வந்து போனத் தொறந்தா, சேலை கட்டுன பொம்மைக்கு மேல ஆண்டனி ராஜுன்னு நிக்குது. எவனோ ஒருத்தன் அங்கயே, அத்தன சனத்துக்கு முன்னால, "டேய் ஆண்டனி, சேலை நல்லாருக்குடா"ன்னு எழுதியிருக்கறான்.

அன்னிக்கு அவ பாப்பாவத் தூக்கல. நான் தூக்கிக்கிட்டேன். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் வந்துது பாருங்க, அத நெனச்சா இப்பவும் கூசுது.

கம்பெனிக்கு எழுதுனா. உங்கள் கருத்துக்கு நன்றின்னு பதில் வந்துது. மறுக்கா எழுதுனா. மறுக்கா நன்றி. பதிமூணு தடவ எழுதி பதிமூணு நன்றி. அவள மாதிரியே பேரு மாறிப்போனவங்க அறுவத்திரெண்டு பேரு. திருச்சியில ஒரு நர்சு, தூத்துக்குடியில ஒரு தம்பி, இப்புடி. எல்லாரும் அழுதுபோட்டு, ஆட்டத்தையே உட்டுட்டுப் போயர்லாம்னு பேசிக்கிட்டிருந்தாங்க.

அப்பத்தான் நான் வாயத் தொறந்தேன். அவளுக்கு ஒத்தாச பண்றதுக்கில்ல. என்ற மகளும் அவளும் அந்தப் பேச்சே பேசிக்கிட்டிருக்க, என்னைய யாரும் கண்டுக்கல, அதனால.

"போயிட்டீன்னா கம்பெனிக்காரனுக்குச் சௌரியம் கண்ணு. எஸ்டேட்ல நாங்க போவல"ன்னேன்.

இருவத்தஞ்சு வருசத்துக்கு முந்தின கதை. மழைக்கு முன்னால ஆளுக்கொரு கம்பளி தாரேன்னு மேனேஜரு சொல்லியிருந்தாரு. மழையே முடிஞ்சுபோச்சு, கம்பளி வர்ல. காலைல கணக்கெழுதற ரைட்டரு பேரு கூப்புடுவாரு, அதுக்கு மஸ்டர்னு பேரு. வராம இருந்தா ஆப்சென்ட் போட்டு வேற ஆளக் கூட்டியாந்துருவாங்க. அதனால நான் என்ன சொன்னேன்னா, எல்லாரும் வருவோம், பேரு கூப்புட்டா இருக்கறேனுங்கன்னு சொல்லுவோம், கவாத்துக் கத்தியத் தொடாம அங்கயே நிப்போம். வந்தவனுக்கு ஆப்சென்ட் போட முடியாது. அறுவது பேரு நின்னோம். ரெண்டு நாளு.

கவிதா இத நூறு தடவ கேட்டவ, கொட்டாவி உட்டா. ஜோஸ்லின் கேட்டுக்கிட்டே இருந்தா. "ரெண்டு நாளு நின்னு, அப்பறம் என்னாச்சுங்க மாமா?"ன்னா. அப்பறம் முடிஞ்சுதுன்னேன்.

மாசிக் கடைசியில அந்த கேமுல அறுவடைத் திருநாள்னு பத்து நாளு நடத்துவாங்களாம். எல்லாருஞ் சேந்து அறுத்து தானியங் கொட்டற பெரிய குதிரு ஒண்ண ரொப்போணும். கம்பெனிக்கு அதுதான் வருசத்துல பெரிய கொண்டாட்டம். மொத நாளு காலைல ஆறரைக்கு அறுவத்திரெண்டு பொம்மைகளும் குதிருக்கு முன்னால போயி நின்னுதுங்க. அருவாளத் தொடல. ஆளாளுக்கு ஒரு போர்டு நட்டு, கம்பெனி சொன்ன அதே வார்த்தைய, தேதியோட எழுதி வெச்சாங்க. கம்பெனியோட சொந்த வார்த்தையாச்சே, கம்பெனியத் திட்டி எழுதுனா அழிச்சுப்போடற மெசினு இத அழிக்கல. நடுவுல ஜோஸ்லினு நின்னு, மேல கார்டு என்ன பேரு காட்டுனாலும், அவங்கவங்க வாழற பேரச் சொல்லிக் கூப்புடறா. ஒவ்வொருத்தரா, இருக்கறேன், இருக்கறேன்னு சொல்றாங்க.

சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்கு ரோமம் சிலுத்துப்போச்சு. பின்னாலயே வயிறும் எரிஞ்சுது. என்ற மஸ்டருங்க அது.

நாலாம் நாளு நானூறு பேரு நின்னாங்க. மத்தவங்களும் சேந்துக்கிட்டாங்க. குதிரு கால்வாசி கூட ரொம்பல. யாரோ ஒரு பொண்ணு சென்னையில இருந்து போனு பண்ணி ஜோஸ்லின்கிட்டப் பேட்டி எடுத்துப் போட்டுது. கவிதா வெச்சுக் காட்டுனா. நானும் கடைசி வரைக்கும் கேட்டேன். எஸ்டேட்டுன்னு ஒரு வார்த்த இல்ல, அம்மாசின்னு ஒரு வார்த்த இல்ல.

"நான் உங்களப் பத்திச் சொன்னனுங்க மாமா, அவங்க வெட்டிட்டாங்க"ன்னா.

"அதுக்கென்ன கண்ணு, எனக்கெதுக்குப் பேரு"ன்னு சொல்லிப்போட்டு, போயி மாட்டுக்குத் தண்ணி வெச்சேன். மாடு ஏற்கெனவே குடிச்சிருந்துது.

நேத்து சாயங்காலம் அந்தக் கம்பெனியில இருந்து ஒரு அம்மா கூப்புட்டாங்க. பாப்பாவ ஜோஸ்லின் மடியில வெச்சிருந்ததால போன ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுனா, நான் பக்கத்துல காப்பிக்கொட்டையில கல்லுப் பொறுக்கிக்கிட்டிருந்தேன்.

"உங்க பேர மாத்திட்டோம் ஜோஸ்லின், தொறந்து பாருங்க"ன்னாங்க அந்தம்மா.

தொறந்தா. சேலை கட்டுன பொம்மைக்கு மேல ஜோஸ்லின்னு இருந்துது. அவ வெரல வெச்சு அந்த எழுத்தத் தடவுனா, தூசி தொடைக்கற மாதிரி. கண்ணு ரொம்பிப்போச்சு.

"மத்தவங்களுக்குங்க மேடம்?"

"அதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாப் பாக்கறோம். நாளைக்கு அந்தக் கூட்டம் வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. இது உங்களுக்காக தனியா பண்ணுனது. கூட்டம் தொடந்துதுன்னா இதையே நாங்க தக்க வெக்க முடியுமான்னு தெரியல."

எனக்குக் காது ரெண்டும் சுட்டுது. ஏன்னு சொல்றேன். அந்தக் கம்பளிக் கதையில நான் யாருக்கும் சொல்லாத துண்டு ஒண்ணு இருக்குது. ரெண்டாம் நாளு சாயங்காலம் மேனேஜரு என்னைய மட்டும் பங்களாவுக்குக் கூப்புட்டாரு. "அம்மாசி, உனக்கு ரெண்டு கம்பளி. மத்தவங்களுக்கு அடுத்த மாசம். நாளைக்கு நீ கத்திய எடுத்தா எல்லாரும் எடுப்பாங்க"ன்னாரு. நான் வாங்கிக்கிட்டேன். மக்கா நாளு மொத ஆளாக் கத்திய எடுத்தேன். அந்த அடுத்த மாசம் இன்னும் வர்ல. அன்னிக்கு எனக்குப் பின்னால நின்ன பழனிசாமி, சாவற வரைக்கும் என்ற கூடப் பேசல.

அதனால நேத்து நான் என்ன நெனச்சேன்னா, வாங்கிக்க கண்ணு, வாங்கிக்கன்னு நெனச்சேன். அவ நல்லாருக்கோணும்னு இல்லீங்க. அவளும் வாங்கிக்கிட்டான்னா, நானும் அவளும் ஒண்ணாயிருவோம். என்னாட்டவே இன்னொருத்தி. பேத்தி அவளப் பாத்துச் சிரிச்சது, சென்னைக்காரி பேட்டி எடுத்தது, எல்லாத்தையும் அப்ப நான் பொறுத்துக்குவேன்.

ஜோஸ்லின் மூக்க உறிஞ்சிக்கிட்டு, "நொம்ப நன்றிங்க மேடம். நாளைக்கு ஆறரைக்கு நிப்போங்க"ன்னு சொல்லி வெச்சுட்டா.

ராத்திரி முழுக்க மனசு ஆறல. விடிஞ்சதும், கடைசி நேரத்துல அவளுக்கு மனசு மாறியிருக்குமான்னு வாசல் படலையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். பாப்பா என்ற மடியில முழிச்சுக்கிட்டு வெரலச் சப்பிக்கிட்டிருந்துது. ஆறு இருவதுக்குப் படலை சத்தம் கேட்டுது. பனியில சேலைத் தலைப்பு நனைஞ்சு, அவதான்.

"பேரு இருக்குதா கண்ணு, புடுங்கிட்டாங்களா?"

"இப்ப இருக்குதுங்க மாமா. சாயங்காலம் இருக்குமோ என்னமோ."

"உனக்குத்தான் குடுத்துட்டாங்களே. பொறவு எதுக்குச் சாமி நிக்கற?"

அவ மரத்தடியில குத்த வெச்சு, போனத் தொறந்துக்கிட்டே சொன்னா: "இன்னும் அறுவத்தோரு பேருக்கு வர்லீங்க மாமா. பாப்பாவ நீங்களே வெச்சுக்கங்க, எனக்கு ரெண்டு கையும் வேணும், பேரு கூப்புடோணும்."