நாயைப் பற்றி மட்டும் பேசினேன்

எங்கள் தெருவில் யார் வீட்டுச் சங்கதி வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் வாயிலேயே வைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிற பேத்தி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

போன ஆடி முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரி கொல்லைப்பக்கமாக வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. அவள் மகன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். குடித்துவிட்டு அடித்திருக்கிறான். அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி எனக்கே கேட்டது.

"யக்கா, அத்திப்பட்டுலேர்ந்து பொண்ணோட அப்பா விசாரிக்க வராரு. டீக்கடைல கேட்டா உன்னாண்டதான் அனுப்புவானுங்க. என் புள்ளயப் பத்தி தப்பா ஒரு வார்த்த சொல்லிடாத."

"மொதல்ல கன்னத்துக்கு மஞ்சப் பத்து போடு."

"கண்ணாலம் ஆனா திருந்திடுவான்க்கா."

"இன்னாடி, அடி வாங்க ஆளு மாத்தி வுடறியா?"

அழுதாள். அழுதால் நான் இளகிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். அம்மன் மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். என் வாய் அம்மனுக்கும் தெரியும், நம்பியிருக்க மாட்டாள்.

மறுநாள் பெண்ணின் அப்பா வந்தார். ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறார், பாவம். மோர் கொடுத்தேன். ஒரே பெண், நர்சிங் படித்தவள் என்று சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது.

"நீங்க கேக்காததையும் சொல்லுவீங்கன்னு டீக்கடைல சொன்னாங்கம்மா. பக்கத்து ஊடு எப்பிடி?"

"சொந்த ஊடு. மழைக்கு ஒழுகாது. போர் தண்ணி இளநி கணக்கா இருக்கும்."

"அம்மாக்காரங்க?"

"தங்கம். அவ இறா தொக்கு வெச்சா நான் சட்டியோட தூக்கிக்கினு வந்துடுவேன்."

"பையன்?"

வெற்றிலையை மடித்து வாயில் போட்டேன். மென்றேன். அவர் காத்திருந்தார்.

"அவங்க ஊட்ல ஒரு நாயி இருக்குது. ரொம்ப நல்ல நாயி. யாரையும் கடிக்காது. வேளைக்கு ஊட்டுக்கு வந்துடும்."

"நான் பையனக் கேட்டேம்மா."

"செவல நாயி. கூப்ட்டா வாலாட்டும்."

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பாமலே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்றாள்.

"அந்தாளாண்ட இன்னா சொன்ன?"

"உன் புள்ளயப் பத்தி ஒரு வார்த்த பேசல. சத்தியம்னா சத்தியம்."

"பின்ன இன்னாத்தப் பேசின?"

"நாயப் பத்தி."

திட்டினாள். அதில் இரண்டு வசவு எனக்கே புதுசு, ஞாபகம் வைத்துக்கொண்டேன். தொண்டை காய்ந்ததும் படியில் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த மோரைக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கேட்டாள்.

"நாயப் பத்தி இன்னான்னு சொன்ன?"

"வேளைக்கு ஊட்டுக்கு வரும், யாரையும் கடிக்காதுன்னு."

கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டாள். வீக்கத்தில் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது.