குலுக்கலில் எடுத்த சீட்டு

வியர்வையில் நனைந்த காகிதம் உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும் பிசுபிசுப்பை இன்றும் என்னால் தாங்க முடிவதில்லை. திருத்தங்கலில் அப்பா நடத்திய பட்டாசுக் கடையில், தீபாவளி "சீசன்" முடிந்ததும் குலுக்கல் நடக்கும். வாங்கியவர்களின் பேர் எழுதிய சீட்டுகளைத் தகர டின்னில் போட்டுக் குலுக்கி, பட்டுப்பாவாடை கட்டிய சிறுமி நான் ஒன்றை எடுத்துக் கொடுப்பேன்; அந்தப் பேருக்குச் சைக்கிள்.

எடுக்க வேண்டிய சீட்டை அப்பா முன்னதாகவே என் கைக்குள் வைத்து மூடிவிடுவார். அதில் இருப்பது இங்கே யாருக்கும் தெரியாத சாத்தூர்ச் சித்தப்பாவின் பேர். சைக்கிள் மறுநாளே வாங்கிய கடைக்குத் திரும்பிவிடும். இத்தனைக்கும் நமத்துப்போன புஸ்வாணத்தை மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுக்கிறவர், கூட வரும் பிள்ளைகளுக்குக் கம்பி மத்தாப்பு சும்மா கொடுக்கிறவர் அப்பா. "வாங்குறவுக சந்தோசமாப் போகணும், அம்புட்டுதான் யாவாரம்" என்பார்.

விஸ்வநத்தத்து முத்துமாரி அக்கா அச்சாபீஸில் வேலை பார்த்தவர். எனக்கு ஒன்பது வயதான வருசம், தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் மகளுக்குச் சைக்கிள் விழட்டும் என்று, தெருவையே எங்கள் கடையில் வாங்கவைத்து, எல்லாச் சீட்டிலும் மகள் பேரையே எழுதியிருந்தார். குலுக்கலுக்கு முன் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ராசியான கை. எம் மக பேரை எடுத்துக் குடு தாயி" என்றார்.

டின்னுக்குள் கையை விட்டதும் விரல்களைத் திறந்தேன். கையில் இருந்ததை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திராது. பக்கத்தில் அப்பா சிரித்தபடி நின்றார். அதே சீட்டோடு விரல்களை மூடிக்கொண்டேன். சித்தப்பா பேரை வாசித்ததும் முதலில் கை தட்டியது அக்காதான்.

அடுத்த வருசம் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். அத்தை மகள் என் பாவாடையைக் கட்டிக்கொண்டு போனாள். அவளிடமும் நான் எதுவும் சொல்லவில்லை.

இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அப்பாவும் இல்லை, குலுக்கலும் இல்லை. பட்டாசு ஆர்டர் எல்லாம் போனிலேயே முடிகிறது. போன மாதம் இருக்கன்குடிக் கோயிலில் முத்துமாரி அக்காவைப் பார்த்தேன். மகளைப் பற்றி விசாரித்தேன். அவ்வளவு தூரம் நடக்க மாட்டாமல் எட்டாவதோடு நின்றுவிட்டாளாம், குறையாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "இவுக அப்பா கடை மாதிரி ஏமாத்து இல்லாத கடை இனி வராது" என்றார்.

நான் தலையாட்டினேன்.