குலசாமியைத் தவறாகச் சொன்ன கண்டக்டர்

"கண்டக்டர் போயிட்டாருப்பா" என்று மானாம்பதியிலிருந்து போன் வந்தபோது காலை ஏழு மணி. என் மனைவி கலா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தாளு இல்லன்னா இன்னிக்கும் நீ எனக்கு அண்ணன்தான்" என்று சிரித்தும் விட்டாள்.

கண்டக்டர் ஏகாம்பரத்தை அறிந்த உங்களுக்கு அந்தச் சிரிப்பு புரியும். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். உத்திரமேரூர்ப் பக்கம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு ஊர் ஊராகப் போய், பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் குடும்பங்களின் வம்சாவளியை எழுதிக்கொண்டிருந்தார். சென்னைக்குப் பிழைக்கப் போய்க் குலசாமியை மறந்தவர்கள் அவரைத் தேடி வருவார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம்.

"மொட்ட அடிச்ச முடிய எங்க போடுவீங்க? பொங்கப்பானைய எந்தப் பக்கம் பாத்து வெப்பீங்க?" என்று என் அப்பாவைக் குடைந்தார். அப்பா திருதிருவென்று முழித்தார். கடைசியில் கண்டக்டரே, என் கொள்ளுத்தாத்தா குடியிருந்த தெருவை வைத்து, திருப்புலிவனம் ஏரிக்கரை அம்மன்தான் எங்கள் குலசாமி என்று அடித்துச் சொல்லிவிட்டார். போய்ப் பொங்கல் வைத்தோம். அந்த அம்மனைக் கும்பிடுகிறவர்கள் எங்களைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

வினை அங்கேதான் பிடித்தது. அந்தப் பொங்கலில்தான் நான் கலாவைப் பார்த்தேன். பிறகு கல்யாணப் பேச்சை எடுத்ததும் அவள் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஒரே சாமிய கும்பிடற பங்காளிங்கடா நாம. அவ உனக்குத் தங்கச்சி! வெக்கமா இல்ல?"

கண்டக்டரிடம் ஓடினேன். "ஒரே ஒரு பேர மட்டும் மாத்தி எழுதுங்கண்ணா" என்று கெஞ்சினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"பேஜார் பண்ணாதடா. உன் கல்யாணத்துக்காக நான் பொய் எழுத மாட்டேன். எழுதுனது சரியான்னு வேணா இன்னொரு தபா பாக்கறேன்."

ஒரு மாதம் சைக்கிளில் அலைந்தார். மானாம்பதியில் ஒரு வீட்டுப் பெட்டியில் பழைய பத்திரம் கிடைத்தது. 'மானாம்பதியிலிருந்து வந்து வீட்டோடு இருக்கும் என் மருமகனுக்கு' என்று என் கொள்ளுத்தாத்தாவுக்கு அவருடைய மாமனார் நிலம் எழுதி வைத்திருந்தார். அடக் கடவுளே! கொள்ளுத்தாத்தா மானாம்பதிக்காரர். திருப்புலிவனத்தில் பெண் எடுத்து மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டவர்.

அடுத்த பொங்கலன்று அத்தனை குடும்பங்களுக்கும் நடுவில் கண்டக்டர் எழுந்து நின்றார்.

"நான் சொன்னது தப்பு. இவங்க குலசாமி மானாம்பதில கீது. இது இவன் கொள்ளுத்தாத்தனோட பொண்டாட்டி வூட்டு சாமி. தப்பு என்னுது."

"இத்தினி வூட்டுக்கு எழுதிக் குடுத்துக்கீறியே, அதெல்லாம் இன்னா ஆவறது?" என்று ஒருவர் பிடித்துக்கொண்டார்.

கண்டக்டருக்கு முகம் சுண்டிப்போனது. "எல்லாத்தையும் மறுபடி பாக்கறேன்" என்றார். சொன்னபடியே கடைசிவரை பார்த்துக்கொண்டும் இருந்தார். ஆனால் அன்று உட்காரப் போனவர், கலாவின் அப்பா பக்கம் திரும்பினார்.

"இன்னா நைனா, கணக்குப் போட்டியா? பொண்டாட்டி வூட்டு வழின்னா உம் பொண்ணு இவனுக்குத் தங்கச்சி இல்ல, மொறப்பொண்ணு! வெத்தல பாக்கு எடு."

கலாவின் அப்பா பத்திரத்தை வாங்கி மூன்று முறை படித்தார். பிறகு அவரே முதலில் சிரித்தார்.

கண்டக்டரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது 'தப்பு என்னுது' என்ற அந்த இரண்டு சொற்களைத்தான். ஊர் நடுவில் நின்று சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. வீட்டில் சொல்லிப் பழகுகிறேன். போன வாரம் முதல்முறையாகச் சொன்னேன். கலா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.