மூலையில் மூன்று

காவல் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்தால் பிழைப்புக்குப் பஞ்சமில்லை. மனிதர்கள் மேல் மரியாதைதான் மிஞ்சாது. பதினொரு வருடமாக அவர்கள் காகிதமெல்லாம் என் மெஷினில்தான் ஓடுகிறது. அந்தக் கட்டடத்தில் நான் எழுந்து நின்று வணக்கம் சொன்ன ஒரே ஆள் ஏட்டம்மா.

இருபது வருடம் நாற்சந்தியில் நின்று கை காட்டியவர். முழங்கால் தேய்ந்ததும் உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டார். அந்த நேரம் பார்த்து, நாடு முழுக்க எல்லா நிலையத்திலும் சைபர் பிரிவு திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பழைய சைக்கிள்களைப் போட்டு வைத்திருந்த அறையைக் கூட்டிப் பெருக்கினார்கள். பெரிய அதிகாரி வந்து ரிப்பன் வெட்டிவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் வந்தது. பிரிண்டர் வந்தது, அதற்கு மை வரவில்லை. பயிற்சி மூன்று நாள்: முதல் நாள் வரவேற்புரை, இரண்டாம் நாள் வாழ்த்துரை, மூன்றாம் நாள் குரூப் போட்டோ. இதை வைத்துக்கொண்டு இணையக் குற்றத்தை ஒழிக்கப் போகிறார்களாம். 

ஏட்டம்மா விடவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். எந்தத் தளத்துக்கு எப்படி எழுதினால் பதில் வரும், எத்தனை நாளில் தடயம் அழிந்துபோகும், எல்லாம் ஆறே மாதத்தில் அத்துப்படி. கூட இருந்தவர்கள் 'எலி ஏட்டு' என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அவர்களுக்கு மவுஸைப் பிடிக்கவே தெரியாது.

ஒருநாள் காலை பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் பெண் வந்தாள். அவள் முகத்தை எவனோ வேறொரு அம்மணமான உடம்பில் ஒட்டி இணையத்தில் போட்டிருந்தான். இன்ஸ்பெக்டர் அவளை நிற்க வைத்தே கேட்டார்:

"இது நீ இல்லன்னு எப்படிம்மா நம்புறது?"

பக்கத்தில் ரெண்டு பேர் சிரித்தார்கள். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா!

ஏட்டம்மா அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலி போட்டார். "இனிமே இந்தப் படத்த நீ யாருக்கும் காட்ட வேணாம்மா. என்கிட்ட குடுத்தாச்சுல்ல, இதோட முடிஞ்சது."

ஆதாரமாக வரும் படத்தின் மூலையில் கம்ப்யூட்டரிலேயே சிவப்பு வட்டம் போட்டு எண் எழுதுவது அவர் வழக்கம். அந்தப் படத்துக்கு எண் மூன்று. கோப்பில் வைக்கக் காகிதப் பிரதி வேண்டும். நிலையத்துப் பிரிண்டரில்தான் மை இல்லையே? அதனால் எல்லாம் நிலையத்து வாட்ஸ்அப் குரூப்புக்கு வரும், அதில் என்னையும் சேர்த்திருந்தார்கள். நான் என் போனிலிருந்து பிரிண்ட் எடுத்து உறையில் போட்டுக் கொடுப்பேன். "எல்லாத்தையும் குரூப்ல போடுங்க, எனக்கும் தெரியணும்" என்பது இன்ஸ்பெக்டர் உத்தரவு.

மூன்றே நாளில் தளத்துக்கு எழுதிப் படத்தை இறக்கினார் ஏட்டம்மா. அதைப் போட்டவனையும் பிடித்தார். அந்தப் பெண் 'வேண்டாம் போ' என்று சொன்ன ஒருத்தன் அவன்.

பத்து நாள் கழித்து அவள் திரும்பி வந்தாள். நானும் அப்போது பிரதிகள் கொடுக்க அங்கே நின்றிருந்தேன். "எங்க சித்தி போனுக்கே வந்திருக்கு அக்கா" என்று போனை நீட்டினாள். அதே படம். ஏட்டம்மா விரலால் மூலையைப் பெரிதாக்கினார். சிவப்பு வட்டம், உள்ளே மூன்று. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

நேராக இன்ஸ்பெக்டரிடம் போனார். கதவு திறந்தே இருந்தது, அவர் பேசியது எனக்குக் கேட்டது.

"நம்ம பசங்கள்ல எவனோ விளையாட்டா அனுப்பியிருப்பான். இதுக்குப் போயி வீட்டுக்குள்ளயே கேஸா? அந்த வட்டத்த மட்டும் வெட்டிட்டு, புடிச்சவன் மேலயே இதையும் போட்டுடுங்க. அவன் என்ன உத்தமனா?"

டீக்குச் சர்க்கரை போதவில்லை என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். தூ, இவரெல்லாம் ஒரு அதிகாரி!

ஏட்டம்மா திரும்பி வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

"இந்தத் தடவ அவன் இல்லம்மா. நாங்க. இந்த மூணு நான் என் கையால போட்டது. குரூப்ல போட்டதும் நான்தான்."

"உங்ககிட்ட குடுத்தாச்சு, இதோட முடிஞ்சதுன்னு சொன்னீங்களே அக்கா."

ஏட்டம்மா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்து படம் நிலையத்துக் குரூப்பிலிருந்தே வெளியே போனதாகப் புகார் டைப் செய்ய ஆரம்பித்தார். வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது, மகள் படிப்பும் முடியவில்லை.

மதியம் என் கடைக்கு வந்தார். கையில் குரூப்பில் இருந்த நாற்பத்தாறு பேரின் பட்டியல். போலீஸ்காரர்கள், ஜீப் டிரைவர்கள், நிருபர் ஒருவர், கட்சிக்காரர் ஒருவர். யார் வேண்டுமானாலும் உள்ளே வரக்கூடிய சந்தை அது. பட்டியலில் முதலாவதாகத் தன்னைப் போட்டு, எதிரே 'படத்தை அனுப்பியவர்' என்று எழுதியிருந்தார். இரண்டு பிரதி கேட்டார். நாற்பத்தொன்றாவது ஆளாக நான் இருந்தேன்.

"உன் போன்ல அந்தப் படம் இருக்கா?"

"நான் யாருக்கும் அனுப்பலம்மா. சத்தியமா."

"அத கேக்கல. பிரிண்ட் எடுத்து எத்தன நாளாச்சு? அழிச்சியா?"

அழிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. கடையில் ஆளில்லாத நேரத்தில் ரெண்டு தடவை திறந்து பார்த்தவனுக்கு மறதி எங்கிருந்து வரும்? அவர்களையெல்லாம் காறித் துப்பிய வாய் இது. போனை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் போனை ஓர் உறையில் போட்டு ஒட்டினார். மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, உறையின் மூலையில் வட்டம் போட்டு, உள்ளே நாற்பத்தொன்று என்று எழுதினார்.