அக்காவின் பச்சைச் சேலை

தலவாக்கலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், பூரணி என்ன உடுத்தி வருகிறாள் என்று பார்ப்பதற்கென்றே சில பெண்கள் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நேரத்தோடு வந்து நிற்பார்கள். கொழுந்து பறிக்கப் போகிறவளுக்கு அலங்காரம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கங்காணி முணுமுணுப்பார். ஆனால் அவரும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் அவள் பேரைப் போடுவார்.

பெட்டி நிறையத் துணி வைத்திருந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். சொந்தச் சேலை இரண்டு. அதில் ஒன்று கிழிசல். ஆனால் அவளுக்கு ஒரு கண் இருந்தது. உடம்பில் இரண்டு நிறத்துக்கு மேல் கூடாது என்பது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம். கோதுமை மாவு வந்த மூட்டைத் துணியைப் பிரித்து அலசி, தேயிலைத் தூளோடு கொதிக்க வைப்பாள். வெளுத்த துணி தேன் நிறத்துக்கு வந்துவிடும். அதில் கையாலேயே ஜாக்கெட் தைத்து, கையின் விளிம்பில் ஏதாவது சேலைக் கரையை ஒரு விரல் அகலத்துக்கு வைப்பாள். கூடைக் கயிறு அழுத்துகிற தலைத்துணியும் அதே நிறத்தில் இருக்கும். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட மடிப்பு வைத்துத்தான் கட்டுவாள். அவ்வளவுதான். அதற்கே வரிசை வீடுகளாக நீண்ட அந்த லயம் முழுக்கப் பேச்சு.

அந்தக் கரைகள் எங்கிருந்து வந்தன என்பதுதான் அவளைக் கடைசிவரை அரித்த விஷயம்.

1956இல் ஒரு காற்று மழையில் மலையில் மரம் சாய்ந்து, அக்கா நாகலெட்சுமியின் புருஷன் சின்னத்தம்பி செத்துப்போனான். கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. தாய் தகப்பனும் முன்பே போய்விட்டதால், அக்கா தங்கையின் ஒற்றை அறைக் காம்பராவுக்கே வந்து சேர்ந்தாள். கருமாதி அன்று வெள்ளை உடுத்தினாள். தன்னுடைய கலர்ச் சேலைகள் ஐந்தையும் மூட்டையாகக் கட்டிப் பூரணியின் முன்னால் வைத்தாள்.

"இனிமே எனக்கு எதுக்கு இதெல்லாம்? நீ உடுத்திக்க புள்ள."

பூரணி அழுதாள். பொய் அழுகை இல்லை, உண்மையாகத்தான் அழுதாள். ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே, மூட்டையின் இடுக்கில் பச்சைச் சேலையின் கடுகு நிறக் கரை கண்ணில் பட்டது. தேன் நிற ஜாக்கெட்டுக்கு எடுப்பாக இருக்குமே என்று மனசு அதற்குள் தைக்க ஆரம்பித்துவிட்டது. சீ, நானும் ஒரு பிறவியா என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள்.

அடுத்த ஒன்றரை வருஷத்தில் நான்கு சேலைகளைக் கத்தரித்து ஜாக்கெட்டும் கரையும் தலைத்துணியுமாக ஆக்கினாள். பச்சையை மட்டும் தொடவில்லை. அதை முழுசாக உடுத்தி மாரியம்மன் திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று வைத்திருந்தாள். அக்காவோ அதே வெள்ளையில் கொழுந்து பறித்தாள். வெள்ளையில் கொழுந்துக் கறை பட்டால் லேசில் போகாது. தினமும் பீலியில் கொட்டுகிற ஊற்றுத் தண்ணீருக்குக் கீழே நின்று இடுப்புப் பக்கத்தைத் தேய் தேய் என்று தேய்ப்பாள். பக்கத்துக் கல்லில் பூரணி அக்காவின் பழைய கலர்களை அலசிக்கொண்டிருப்பாள்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தபோது, கொழுந்து நிறுக்கிற இடத்தில் அடுத்த லயத்து வீரம்மா அவளைத் தனியாக அழைத்தாள்.

"கொழுந்து அரைக்கிற ஸ்டோர்ல வேலை செய்றானே மாயாண்டி, பொண்டாட்டி செத்தவன், அவன் ஒங்க அக்காவக் கட்டிக்கிறேங்கிறான். நல்ல பய. நம்ம சனத்துல அறுத்துக் கட்டுறது ஒண்ணும் புதுசு இல்ல. அதுகிட்ட நேரா கேக்குறது மொறையில்ல பாரு, வீட்டு மனுசர்கிட்டதான் கேக்கணும். நீ கேட்டுச் சொல்லு."

பூரணிக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. அக்கா மறுபடி பொட்டு வைப்பாள், கலர் உடுத்துவாள். உடனே பச்சைச் சேலை ஞாபகம் வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். மற்ற நான்கும் எங்கே என்று கேட்டால், துண்டுகளை எப்படிக் காட்டுவது? திருவிழாவுக்குத்தான் எதை உடுத்துவது? கண் மூடித் திறக்கும் நேரம்தான். அதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"அக்கா சம்மதிக்காது அத்தை. செத்தவரையேதான் நெனச்சுக்கிட்டு இருக்குது."

சாயங்காலம் அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. திருவிழாவுக்குப் பச்சையைக் கட்டிப் போனாள். பார்க்காத ஆள் இல்லை. அக்காகூட, "ஒனக்குன்னே நெய்த மாதிரி இருக்கு," என்றாள். இரண்டு மாதத்தில் மாயாண்டி நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். அந்தப் பெண் புதுச் சேலையில் லயத்து வாசலைத் தாண்டிப் போனதை அக்கா வெறுமனே நின்று பார்த்தாள். பூரணி அதற்குப் பிறகு பச்சையைத் தொடவில்லை. சாயம் போய்விட்டது என்று எல்லாரிடமும் சொன்னாள்.

பூரணிக்கும் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்தன. அக்கா பக்கத்துக் காம்பராவில், அதே வெள்ளையில். 1963 தீபாவளிக்குப் புடவைக்காரர் லயத்துக்கு மூட்டை கொண்டுவந்து விரித்தபோது, பூரணி தனக்கு ஒன்றும் எடுக்கவில்லை. பச்சையில், கடுகு நிறக் கரையோடு ஒன்று தேடி எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள்.

"உடுத்துக்கா. இப்ப யாரு என்ன சொல்லப் போறாங்க?"

அக்கா கரையைத் தடவிப் பார்த்தாள்.

"யாருக்கு முன்னால உடுத்திக்கிட்டு நிக்கப் போறேன்? அன்னைக்குன்னா சரி." புடவைக்காரர் அடுத்த வாசலுக்கு நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினாள். "மாயாண்டி கேட்டுவிட்டதை வீரம்மா அத்தை போன வருசம் சாகுறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிருச்சு."

பூரணி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன் புள்ள. ஆனா ஒம்மேல எனக்கு வருத்தமில்ல. அக்காவ நாலு பேரு நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசிறக் கூடாதுன்னுதானே நீ அப்படிச் சொன்ன? ஒன்னைய விட்டா எனக்காக நெனக்கிறதுக்கு யாரு இருக்கா?"

இல்லையென்று சொல்லத்தான் பூரணி வாயைத் திறந்தாள். சேலைக்காக, ஒரு சேலைக்காகச் சொன்னேன் அக்கா என்று சொல்லி, அந்தக் காலில் விழுந்து அழ வேண்டும் போல இருந்தது. அக்கா அவள் முகத்தையே பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா," என்றாள் பூரணி.

அக்கா சேலையை மடித்து அவளிடமே நீட்டினாள்.

"நீயே உடுத்திக்க. ஒனக்குத்தான் எடுப்பா இருக்கும்."

பூரணி அதையும் வாங்கிக்கொண்டாள்.