பால் கொட்டகையில் ஒரு கிரேக்கப் பரீட்சை

போன வருடம் ஒக்டோபரில், யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்தில் நாங்கள் பால் வெட்டும் ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

எங்கள் சபையில் வாலிபருக்கு வேதப் பாடம் எடுக்க ஆள் தேவைப்பட்டது. கொழும்பில் ஒருவர் புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொற்களைப் போன் வழியாகவே நான்கு மாதம் சொல்லிக்கொடுக்கிறார், அதில் பாஸ் பண்ணினால் பாடம் உங்களுக்குத்தான் என்றார் போதகர். பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையில் கோட்டை விட்டவள் நான். விடுவேனா? அடுப்படியில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில், மரத்துக்கு மரம் நடக்கும்போது எல்லாம் கிரேக்கம்தான். ஒரு சொல்லைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும்போது வருகிற குஷி இருக்கிறதே, சொல்லி மாளாது.

என் நாத்தனாருக்கு மட்டும் அது கேலி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில்தான் இருக்கிறாள், என்னோடுதான் பால் வெட்டுகிறாள். நான் ஒரு சொல்லைச் சத்தமாகச் சொன்னால், "என்ன அண்ணி, தும்மல் வருதா?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவளுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

கடைசிப் பரீட்சை வாய்மொழியாக, போனில். லயத்தில் சிக்னல் கிடையாது, பால் நிறுக்கும் கொட்டகையில்தான் கிடைக்கும். எல்லோரும் பால் வாளியோடு வரிசையில் நிற்கிற நேரம் பார்த்து ஆசிரியர் அழைத்தார். இரைச்சலில் ஒன்றும் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டேன். "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்க" என்று வரிசையை அதட்டினேன், முக்கியமாக நாத்தனாரைப் பார்த்து.

ஒன்பது கேள்விக்கும் டாண் டாண் என்று பதில். பத்தாவது, 'ஸ்ப்ளாங்க்னிஸொமாய்'. கூட்டத்தைக் கண்டு இயேசு மனதுருகினார் என்று வருகிற இடம். ஈரல், குடல் என்று உள்ளே இருப்பதையெல்லாம் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று ஒப்பித்தேன்.

"சரிம்மா. அத உங்க லயத்துல எப்படிச் சொல்லுவீங்க? வேதத் தமிழ் வேணாம்" என்றார்.

இரக்கம் என்றேன், பரிதாபம் என்றேன். எல்லாம் மேலோட்டமாக இருக்கிறது, இது புரியாமல் எப்படிப் பாடம் எடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டார். நான்கு மாத உழைப்பும் போச்சு என்று கண் கலங்கிவிட்டது.

"ஈரக்குலையே பதறிப்போச்சுன்னு சொல்லுங்க அண்ணி" என்றாள் நாத்தனார், வாளியை இறக்கி வைத்துக்கொண்டே.

அப்படி எப்போது சொல்வார்கள் என்று ஆசிரியர் கேட்டார். அவள் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்தான் சொன்னேன்.

அதற்கு முந்தின வருடம் என் மகளுக்குக் குளவி கொட்டியது. நான் அப்போது கடைவீதியில். இவள்தான் குளவிக் கூட்டத்துக்குள் ஓடிப்போய், பிள்ளையைத் தன் உடம்போடு சேலைக்குள் சுருட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, "மல்லி, இக்மனட்ட" என்று, தம்பி சீக்கிரம் என்பதைச் சிங்களத்தில் சொல்லி, திரீவீலர்காரரை அவசரப்படுத்தி, கரவனெல்ல ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இவள் முகம் வீங்கி, கண்ணைத் திறக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏன் உள்ளே போனாய் என்று அழுதேன். "புள்ள கத்துனதும் ஈரக்குலையே பதறிப்போச்சு அண்ணி. அப்புறம் எங்க யோசிக்கிறது?" என்றாள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் பளிச்சென்று ஒன்று பிடிபட்டது. இயேசு மனதுருகிய இடத்தில் எல்லாம் சும்மா நின்றதே இல்லை. தொட்டார், குணமாக்கினார், பசித்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார். மூச்சு விடாமல் கொட்டினேன். "அதுதாம்மா பதில்" என்றார் ஆசிரியர்.

பாஸ். வரிசை முழுக்கக் கைதட்டல். கணக்கப்பிள்ளை என் பாலை நிறுக்க மூன்று தரம் கூப்பிட்டாராம், எனக்குக் காதிலேயே விழவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் நான்தான் பாடம் எடுக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லின் அர்த்தத்தைத் தன் முகத்திலேயே வாங்கிக்கொண்டவளைப் பார்த்து வாயை மூடு என்றேனே, அது இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.