நாற்பத்திரண்டு நோட்டுகள்

என் தம்பி செல்வதாஸ் குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில வாத்தியாராக இருந்தான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் 'இஃப்' போட்டு எழுதும் வாக்கியம் எனக்கும் புரியும். அவன் சொல்லும் விதம் அப்படி. "எக்கா, மழை பெஞ்சா ஓடு ஒழுகும். அவ்வளவுதான்" என்பான். மழை நிபந்தனை, ஒழுகுவது பலன்.

புத்தகத்து உதாரணங்களை அவன் அப்போது தொடமாட்டான். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் நடப்பதை வைத்து ஒரு வாக்கியம் கொண்டுவர வேண்டும். சிறந்ததைக் கரும்பலகையில் எழுத வைப்பான். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அவன் பாடத்தில் தோற்ற பிள்ளை கிடையாது.

1954 ஆகஸ்டில் துப்பாக்கிச் சூடு நடந்தபின், எங்கள் ஊர்ப்பக்கம் மலையாளப் பகுதியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கூட்டம் போட்டவர்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை தம்பி ஓட்டமும் நடையுமாக வீடு வந்தான்.

"இன்னிக்கு ரீத்தா போர்டுல எழுதினா எக்கா. போலீஸ் வந்தா எங்க அப்பா ரப்பர் தோட்டத்துல ஷீட் ஒணக்குற பழைய புகைப்புரையில ஒளிவாருன்னு. ஒரு பிழை கிடையாது. நானே கைதட்டச் சொன்னேன்."

"ஏலே, மரியஜானுக்க மவளா?"

"வாக்கியத்தத்தான் பாத்தேன். வேற ஒண்ணும் தோணல்ல."

மரியஜான் மூன்று வாரமாக வீட்டில் படுக்கவில்லை. எங்கே இருக்கிறார் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. இப்போது அது நாற்பத்திரண்டு நோட்டுகளில் இருந்தது.

திருத்த வேண்டும் என்று சொல்லி வீடு வீடாக வாங்கினோம். நான் பட்டியலில் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தேன். பொழுது சாய்வதற்குள் நாற்பத்தொன்று சேர்ந்தது. மிச்சம் லீலாபாய். அவள் அப்பா ஞானதாசன், கான்ஸ்டபிள்.

அவர் மனைவி வாசலுக்கு வந்தாள். "நோட்டா சாரே? அவரு தெனமும் மவள வாசிச்சுப் பொருள் சொல்லச் சொல்லுவாரு. இன்னிக்கு ஒரு வார்த்த விடாம சொன்னா. அவரு சாயா கூட குடிக்காம நோட்டையும் எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயாச்சு." சிரித்தாள். "உங்க பாடம் அவருக்கும் பிடிச்சுப் போச்சு போல."

தம்பி ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கி ஓடினான்.

"நில்லுலே!" என்றேன். நிற்கவில்லை. சற்று நேரத்தில் ரோட்டில் ஜீப் போனது.

மரியஜான் தப்பிவிட்டார். புகைப்புரையில் போலீஸ் பிடித்தது என் தம்பியை. அவர் போன வழியைக் கேட்டுக் கேட்டு அடித்தார்கள். வலது கை இரண்டு இடத்தில் ஒடிந்தது. அவன் சொல்லவில்லை. நாற்பது நாள் கழித்து விட்டார்கள். அதற்குள் வேலை போயிருந்தது.

இப்போது இடது கையால் எழுதிப் பழகியிருக்கிறான். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து படிக்கிறார்கள், கான்ஸ்டபிள் மகளும்தான். வீட்டில் நடப்பதை யாரும் எழுதக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறான். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறேன்.